பல்லைப் பிடுங்கியாயிற்று, இனித் துப்பாதீர்கள்

சென்ற வருடம் என் கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைசிக் கொடுப்புப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கியது இருபது நிமிட வேலை. அதற்குப் பிறகு நானே தேடிக்கொண்ட வினையைத் தீர்க்கப் பத்து நாள் ஆயிற்று. கிளினிக்கில் தந்த தாளில் எட்டு வரி இருந்தது. எட்டும் சரியான வரிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று அதில் இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன். நான் பல் வைத்தியன் அல்லன், பல்லைப் பறிகொடுத்தவன். உங்கள் டொக்டர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சூத்தைப் பல்லை அடைத்துக் காப்பாற்ற முடியாதா, பிடுங்கத்தான் வேண்டுமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. பிடுங்குவதென்று முடிவாகிவிட்டவர்களுக்கு இது.

போவதற்கு முன்

வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய், ஊசியைக் கண்டதும் கதிரையிலேயே மயங்கியவர்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளிசையை நீங்களாகவே நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் உப்பு, பனடோல் (பரசிட்டமோல்), ஐஸ் கட்டி, மென்மையான பிரஷ் இருக்கட்டும்.

படி 1: கோஸ் துணியைக் கடிப்பது

பல் இருந்த குழியில் இரத்தம் நிற்பதற்காக முதல் துணியை டொக்டரே வைப்பார். அது சரியாக இருக்கும். வீட்டில் நாம் மாற்றும்போதுதான் பிழைக்கிறது. நான் துணியைத் துவாய் மாதிரி அகலமாக மடித்து வைத்தேன். அது பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் பல்லைக் கடித்தேன், துணி பல்லைக் கடித்தது, குழி தன்பாட்டில் கசிந்துகொண்டிருந்தது.

சரியான முறை இது. கையைக் கழுவுங்கள். துணியை உங்கள் பெருவிரல் நுனி அளவுக்குத் தடித்த உருண்டையாக மடியுங்கள். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள்; காய்ந்த துணி உறைந்த இரத்தத்தோடு ஒட்டி, எடுக்கும்போது அதையும் பிய்த்துக்கொண்டு வரும். உருண்டையைக் குழியின் மேலேயே வைத்து மெதுவாகக் கடியுங்கள். அழுத்தம் முரசில் தெரிய வேண்டும். (ஈறு என்று புத்தகத்தில் இருப்பதை எங்கள் பக்கத்தில் முரசு என்போம்.) மற்றப் பக்கப் பற்கள் ஒன்றையொன்று முட்டினால் உருண்டை போதாது, இன்னும் தடிப்பாக்குங்கள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக 30 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக்கு முன் போய் வாயைத் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கு பூச்சியம்.

வீட்டுக்குப் போக ஓட்டோ பிடியுங்கள். நான் துணியைக் கடித்தபடி பஸ் நிலையத்தில் நின்றேன். திருகோணமலை நகரத்து மான்களுக்கு மனிதரிடம் பயம் கிடையாது என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவற்றுள் ஒன்று என் மருந்துப் பையைப் பிடித்து இழுத்தது. "போ!" என்று கத்தினேன். மான் போகவில்லை. துணி போய்விட்டது.

இன்னொன்று. விறைப்பூசி மருந்தோடு பெரும்பாலும் அட்ரினலினும் சேர்ந்திருக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கிறது. விறைப்பு விடும் நேரத்தில் அதன் வேகமும் தணிவதால், நின்றுபோன இரத்தம் திரும்பவும் கசியலாம். பதறாமல் இன்னோர் உருண்டை, இன்னொரு 30 நிமிடம். துணி தீர்ந்துவிட்டால் ஒரு தேயிலைப் பையை வெந்நீரில் ஊறவிட்டு, ஆறிய பின் பிழிந்து கடிக்கலாம். தேயிலையிலுள்ள டனின் இரத்தம் உறைய உதவும். ஒரு மணிநேரம் இறுக்கிக் கடித்த பிறகும் வாய் நிறைய இரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: துப்பாதிருப்பது

நான் விழுந்த குழி இதுதான்.

குழிக்குள் உறையும் இரத்தம் சும்மா கிடப்பதில்லை. கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. புதுச் சதை அதைப் பற்றிக்கொண்டுதான் வளரும். துப்பும்போது முதலில் கன்னத்தை உள்ளே இழுத்து எச்சிலைச் சேர்க்கிறோம், பிறகு வேகமாக வெளியே தள்ளுகிறோம். இரண்டு வேலையும் அந்த மூடியைக் கழற்றப் போதும்.

தாளில் "துப்ப வேண்டாம்" என்றுதான் இருந்தது. ஆனால் வாய் இரத்தச் சுவையாக இருக்கும்போது விழுங்க மனம் வருமா? பின்னேரம் முழுக்கக் கிணற்றடியில் நின்று துப்பினேன். துப்பியது சிவப்பாக இருக்க இருக்கப் பயம், பயம் வர வர மேலும் துப்பல். ஒரு துளி இரத்தம் ஒரு வாய் எச்சிலையே சிவப்பாக்கிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் நன்றாகவே இருந்தேன். மூன்றாம் நாள் இரவு காதுக்குள் ஆணி அறைந்தது போல ஒரு வலி. பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. பனடோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வாயில் ஒரு கெட்ட நாற்றம். விடிந்ததும் ஓடினேன்.

"எத்தனை தரம் துப்பினீர், தம்பி?" என்றார் டொக்டர், வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே.

"நாலைந்து தரம் இருக்கும், டொக்டர்."

"மணித்தியாலத்துக்கா?"

சிறு கண்ணாடியில் காட்டினார். கருஞ்சிவப்பாக எதுவும் இல்லை. சாம்பல் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. இதற்கு ட்ரை சொக்கட் என்று பெயர், உலர்ந்த குழி. பிடுங்கி இரண்டு, மூன்று நாள் கழித்து வலி கூடுவதும் காதுவரை பரவுவதும் இதன் அடையாளம். கீழ்க்கடைசிப் பற்களில்தான் அதிகம். குழியைக் கழுவி, கிராம்பு மணக்கும் ஒரு மருந்துத் திரியை உள்ளே வைத்தார். பல் கிளினிக்குக்கே உரிய அந்த மணம் கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினோலுடையது. அரை மணிநேரத்தில் வலி அடங்கியது. திரியை இன்னும் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே எச்சிலை விழுங்குங்கள். அருவருப்பாக இருந்தால் பேசினுக்கு மேல் குனிந்து வாயைத் திறந்துவிடுங்கள். தானாக வழியட்டும், நீங்கள் தள்ள வேண்டாம். ஸ்ட்ரோவும் இதே கெடுதலைச் செய்யும். வெயிலுக்குச் செவ்விளநீர் வாங்கினால் கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட் உறிஞ்சுவதாலும் கெடுக்கும், நிக்கொட்டினாலும் கெடுக்கும். குறைந்தது மூன்று நாள் தொடாதீர்கள். வெற்றிலை போடுபவர்களிடம் "ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்று நாகரிகமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அடியோடு விட்டுவிடுங்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேராமலே, பாக்கு மட்டுமே அதற்குக் காரணமாகிறது.

படி 3: முதல் இரவு

உதடு விறைத்திருக்கும்வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிக் கன்னத்தில் பத்து நிமிடம் வைப்பதும் எடுப்பதுமாக இருங்கள். இரண்டு தலையணை வைத்துப் படுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணிநேரத்துக்கு ஒரு முறை. 24 மணிநேரத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. அஸ்பிரின் வேண்டாம், அது இரத்தத்தை உறையவிடாது. காய்ச்சல் இருந்தால் இபுபுரோஃபெனும் வேண்டாம். டெங்கு உள்ள ஊரில் இதை இரண்டு தடவை சொல்லலாம்.

படி 4: சாப்பாடு

சூடு வேண்டாம், உறைப்பு வேண்டாம். எல்லோரும் கஞ்சி என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை, கஞ்சியின் பருக்கை நேரே குழிக்குள் போகிறது. சொதியில் நன்றாக ஊறிய இடியப்பம் என் தெரிவு, அடுத்தது எருமைத் தயிர். புட்டுப் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு சொதி விட்டுக் குழைத்தாலும் ஒரு மணி உள்ளே போய்க் குடியிருந்துவிடும்.

படி 5: உப்புத் தண்ணீர்

24 மணிநேரம் ஆனபின்தான். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. சூட்டின் அளவு எங்கள் ஊரார்க்கு எளிது: கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் சூடு குறைந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்புதான் விசேஷம் என்று உப்புவெளியில் பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். தூள் உப்பு சீக்கிரம் கரைகிறது, அவ்வளவுதான். வாய்க்குள் எடுத்துக் கொடகொடவென்று கொப்பளிக்காமல், தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்துவிட்டு வழியவிடுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தடவை, ஒரு வாரம். கடையில் விற்கும் எரிகிற கலர்த் தண்ணீர் வேண்டாம். டொக்டர் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். மற்றப் பற்களை முதல் நாள் இரவிலிருந்தே துலக்குங்கள், குழியை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஐந்தாறு நாள் கழித்தும் குழிக்குள் சாப்பாடு அடைபட்டால், டொக்டரிடம் கேட்டுவிட்டு, ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றைப் பார்மசியில் வாங்கி, உப்புத் தண்ணீரை மெதுவாகப் பீச்சிக் கழுவலாம். பல்லுக்குச்சி எடுத்தால் உங்களோடு பேச மாட்டேன்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

குழியில் வெள்ளை மஞ்சளாக ஒரு படை தெரிகிறதாம், சீழா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வலியும் நாற்றமும் வீக்கமும் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஆறுகிற புண்ணின் படைதான், சுரண்டாதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமற்போனாலோ காத்திருக்கக் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர், நோன்பில் பிடுங்கலாமா என்று கேட்டிருந்தார். மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாது. பகலில் குளிசையும் உப்புத் தண்ணீரும் தேவைப்படும் என்பதால், அவசரமில்லாத பல்லென்றால் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாளை வாங்கிக்கொள்ளலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

மூதூர் அக்கா ஒருவரின் தாயார் குழிக்குள் முழுக் கிராம்பை வைத்துவிட்டாராம். நான் கிராம்பு மணத்தைப் பற்றி எழுதியதால் வந்த வினை அது. கிளினிக்கில் வைப்பது அளவாகச் செய்த மருந்து. பச்சைக் கிராம்பும் வெறும் தைலமும் புண்ணைச் சுட்டுவிடும்.

கடைசியாக, நானே கேட்டது. மூன்றாம் வாரம் முரசில் ஏதோ கூராக நாக்கில் தட்டியது. பல்லின் துண்டை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று கோபத்தோடு டொக்டரிடம் போனேன். அது பல்லல்ல, குழியின் ஓரத்து எலும்புச் சில்லு; சிலருக்கு இப்படித் தானாக வெளியே வருமாம். ஊசியில்லாமலே சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, தண்ணீர்க் கோப்பையை நீட்டினார். வாய் நிறையத் தண்ணீரோடு அவரைப் பார்த்தபடி இருந்தேன்.

"இப்போது துப்பலாம், தம்பி" என்றார்.