பண்ணையில் ஓராவுக்குத் தூண்டில்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் பெரிய கொக்கியில் இறாலைக் கொழுவிக்கொண்டு கெளிறும் பேத்தையுமாக இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஓரா மீனும் அதே தண்ணீரில்தான் மேய்கிறது. ஆனால் அது பாசி தின்னி, வாயும் சிறியது.

தடிக்கு 10 முதல் 12 அடி மூங்கில் போதும். றீல் வேண்டாம், ஓரா கரைக்கல்லை ஒட்டியே மேயும், தூர எறிய வேண்டியதில்லை. தடியின் நீளத்துக்கு 0.25 மி.மீ. தங்கூசி (நைலோன் நூல்), கொக்கிக்கு மேலே கடைசி ஒன்றரை அடி மட்டும் 0.18. கல்லில் சிக்கினால் அந்தத் துண்டோடு போகும், மிதப்பு தப்பும். கொக்கி 10 அல்லது 12ஆம் இலக்கம். இலக்கம் கூடக் கூடக் கொக்கி சிறிதாகும், கடையில் மாறிக் கேட்டுவிடாதீர்கள்.

மிதப்பில்தான் அதிகம்பேர் கோட்டை விடுவது. றப்பர் செருப்பில் வெட்டிய துண்டும் ரெஜிபோம் நுரைத்துண்டும் தண்ணீரில் பிடிவாதமாக நிற்கும்; ஓரா இழுத்துப் பார்த்து, பாரம் தெரிந்ததும் துப்பிவிடும். மயிலிறகுத் தண்டில் 6 அங்குலம் வெட்டி, சைக்கிள் வால்வ் டியூப்பில் இரண்டு வளையம் நறுக்கி, அவற்றால் தங்கூசியோடு பொருத்துங்கள். பிறகு நுனி அரை அங்குலம் மட்டும் தெரியும்வரை சிறு ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்து அல்ல, குறட்டால் நசுக்கிப் பூட்டுங்கள். இதை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பார்த்துவிட்டு வரக்கூடாது. உப்புத் தண்ணீரில் மிதப்பு இன்னும் மேலே எழும், கணக்குப் பிழைக்கும்.

ஆழத்தையும் அளக்க வேண்டும். கொக்கியில் ஒரு பாரமான ஈயத்தைக் கொழுவி இறக்குங்கள். மிதப்பு அமிழ்ந்தால் அதை மேலே நகர்த்துங்கள், படுத்தால் கீழே. நுனி சரியாக நீர்மட்டத்தில் நின்றால் அதுதான் ஆழம். அதிலிருந்து மிதப்பை 3, 4 அங்குலம் கீழே இறக்கினால் இரை தரைக்குச் சற்று மேலே தொங்கும். தரையில் கிடந்தால் அடியில் வளரும் சாதாளையில் சிக்கும், இல்லையேல் கெளிறு வரும்.

இரைக்குப் பாணின் கரையை நீக்கி, உள்ளீட்டை நனைத்துப் பிழிந்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கோதுமை மா சேர்த்துப் பிசையுங்கள். நுள்ளளவு பஞ்சு கலந்தால் கொக்கியில் நின்று பிடிக்கும். பயறளவு உருண்டை போதும். மீனைக் கூட்ட வேறாக ஒன்று: ஊறவைத்த அரை இறாத்தல் பாண், இரண்டு கைப்பிடி தவிடு, இரண்டு கைப்பிடி ஈரமணல். மணல் இல்லாவிட்டால் நீரோட்டம் கொண்டுபோய் அடுத்தவர் காலடியில் சேர்த்துவிடும். தேசிக்காய் அளவில் முதலில் மூன்று, பிறகு கால்மணிக்கு ஒன்று. அள்ளிக் கொட்டினால் ஓரா வயிறு நிறைந்து போய்விடும்.

விடியற்காலையில், தண்ணீர் ஓடும்போது போடுங்கள். பறுவம் (பௌர்ணமி), அமாவாசையை ஒட்டி ஓட்டம் கடுமை; பாலத்து வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசினால் காற்று முதுகில் படும் பக்கம்.

ஓரா முதலில் கொறிக்கும், மிதப்பு நடுங்கும். அப்போது கை வைக்காதீர்கள். பக்கவாட்டில் நழுவும்போதோ மெல்லத் தாழும்போதோ மணிக்கட்டால் மட்டும் தூக்குங்கள். வெட்டி இழுத்தால் உதடு கிழியும். நடுக்கமே இல்லாமல் இரை காணாமல் போனால் மா இளகிவிட்டது. தங்கூசி கத்தியால் வெட்டினதுபோல் அறுந்தால் பேத்தை வந்துவிட்டது, இடத்தை மாற்றுங்கள். தப்பித்தவறி அது கொழுவினாலும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், நஞ்சு.

ஓராவின் முதுகில் 13 முள், குதத்தருகே 7, வயிற்றுச் செட்டை ஒவ்வொன்றிலும் 2. எல்லாம் நஞ்சு முள். வெறுங்கையால் பிடிக்காமல் ஈரச்சாக்கால் அமத்திக் கொக்கியைக் குறட்டால் கழற்றுங்கள். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் அரை மணிமுதல் ஒன்றரை மணிவரை கையை வைத்திருக்க வேண்டும். சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு பிடிபடாது. மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ உடனே போதனா வைத்தியசாலைக்கு.

உள்ளங்கையிலும் சிறியதைத் திருப்பி விடுங்கள். மற்றவற்றை அங்கேயே குடல் நீக்கி ஐசில் போடுங்கள்; பாசி நிறைந்த குடல் இருந்தால் மதியத்துக்குள் சதையெல்லாம் நாறும், பிறகு சொதிக்கு ஆகாது. அறுந்த தங்கூசியைச் சுருட்டிப் பையில் போடுங்கள். கொக்குகளின் காலில் சுற்றுவது அதுதான்.