கலியாண மேடையில் ஒரு பிரியாவிடைப் பாட்டு: அறிமுகம் செய்பவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் உப்புவெளியில் ஒரு கலியாண வரவேற்பு. கீபோர்டில் நான் இருந்தேன். மைக் பிடித்த தம்பிக்கு இருபது வயதிருக்கும். "அடுத்ததாக, விட்னி ஹூஸ்டன் தன் கணவருக்காக எழுதிய, பிரியாத காதலின் பாடல்" என்று அறிவித்தான். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்ற ஆங்கிலப் பாட்டைத்தான் சொல்கிறான். ஒரே வசனத்தில் மூன்று பிழை. ஏச வாய் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னவன் நான்.

உச்சரிப்பு, சுருதி, கரோக்கி ட்ராக் நடுவில் நின்றுபோவது இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். நாலு மேடை ஏறினால் தானாகச் சரிவரும். பாட்டின் கதையைப் பிழையாகச் சொல்வதுதான் திருந்தாமல் தொடர்கிறது.

விட்னி எழுதியது என்பது

எழுதியவர் அமெரிக்கப் பாடகி டொலி பார்ட்டன். 1973இல் பதிவு செய்து 1974இல் வெளியிட்டார். விட்னி பாடியது 1992இல், தான் நடித்த ‘த பொடிகார்ட்’ படத்துக்காக.

காதலனுக்கு எழுதியது என்பது

1967இலிருந்து போர்ட்டர் வேகனர் என்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டொலி பாடிவந்தார். பெயர் கிடைத்தது அங்கேதான். பிறகு தனியாகப் போக நினைத்தார், வேகனர் விடுவதாயில்லை. பேசிப் பேசி முடியாததைப் பாட்டாக எழுதிக்கொண்டுபோய் அவர் முன்னால் பாடியதாகவும், கேட்டு அவர் அழுததாகவும் டொலியே சொல்லியிருக்கிறார். (அழுத அதே மனிதர் 1979இல் ஒப்பந்த விஷயமாக டொலி மீது வழக்கும் போட்டார்!) பழைய குழுவை விட்டுச் சொந்தக் குழு தொடங்கிய எவருக்கும் இந்தப் பாட்டு சட்டென்று புரியும். எனக்கும் அப்படித்தான் புரிந்தது, ஆனால் பிந்தி.

எல்விஸ் பாடியது என்பது

பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பதிவு செய்யவே இல்லை. பாட்டின் உரிமையில் பாதியைத் தரவேண்டும் என்றார் அவருடைய மேலாளர். டொலி மறுத்துவிட்டார்.

பல்லவியை மட்டும் கேட்டுவிட்டுக் கலியாணப் பாட்டாக்குவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும் பிழை. காசும் போனது இதில்தான்.

பல்லவியில் இருப்பது ஒரே ஒரு வரி: என்றும் உன்னை நேசிப்பேன். எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பாட்டின் முதல் வரியே, நான் இங்கே இருந்தால் உனக்கு இடைஞ்சல், அதனால் போகிறேன் என்பதுதான். அடுத்த பந்தியில், கசப்பும் இனிப்புமான நினைவுகளை மட்டும் கொண்டுபோகிறேன், அழாதே, உனக்குத் தேவையானவள் நானில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும் என்கிறாள். போகிறவள் வாசலில் நின்று சொல்லும் வார்த்தை அது. இதைப் பாடியா பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் மேடையில் ஆடவிடுவது?

நான் விட்டேன். மாப்பிள்ளை கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தவர். பொம்பிளைக்கு விசா இன்னும் சரிவரவில்லை. நான் போய் மைக்கில், "உன்னை ஒருநாளும் பிரியேன் என்று சொல்லும் பாட்டு" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். இரண்டாவது பந்தியில் பொம்பிளை அழத் தொடங்கினாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நான் இன்னும் இழுத்துப் பாடினேன். பாட்டு முடிந்ததும் அவளுடைய பெரியம்மா, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், மேடையோரம் வந்தார். "தம்பி, அந்தப் பிள்ளை போறன் எண்டுதானே பாடுது? நீங்க என்ன பிரியமாட்டன் எண்டு சொல்றீங்க?" என்று மெல்லிய குரலில் கேட்டார். சத்தம் போட்டு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு கலியாணமும் எங்களுக்குத்தான் என்று வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்தது. இரண்டுக்கும் வேறு குழு வாசித்தது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ‘த பொடிகார்ட்’ படத்தில் இந்தப் பாட்டு ஒலிப்பது நாயகனும் நாயகியும் பிரியும் இடத்தில். அதற்கு முன்பே, இருவரும் ஒரு மதுக்கடையில் இதன் பழைய பாணிப் பாடலுக்கு ஆடும்போது, எவ்வளவு சோகமான பாட்டு என்று நாயகியே சிரிப்பாள். 2012இல் விட்னியின் இறுதிச் சடங்கு முடிந்து பெட்டியைத் தேவாலயத்திலிருந்து தூக்கிச் செல்லும்போதும் அவருடைய இந்தக் குரல்தான் ஒலித்தது.

"அமெரிக்காவில் 14 கிழமை முதலிடத்தில் இருந்த பாட்டு, சனம் கேட்கிறதே அண்ணா" என்பார்கள். கேட்கட்டும், பாடுங்கள். அறிமுகத்தில் பொய் சொல்லாதீர்கள். முடிந்தால் ஆட்டத்துக்கு வைக்காமல், பொம்பிளையை வழியனுப்பும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். பெற்றோர் வாயால் சொல்ல முடியாததை அந்த நேரத்தில் பாட்டு சொல்லிவிடும்.

கடைசிப் பந்தியை வெட்டுவது

நேரம் போகிறதென்று முதலில் கத்தி வைப்பது இதில்தான். வாழ்க்கை உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், மகிழ்ச்சி கிடைக்கட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு கிடைக்கட்டும் என்ற வாழ்த்து அது. டொலி தன் பதிவில் இதைப் பாடாமல் பேச்சாகவே சொல்கிறார். 1975இல் லிண்டா ரொன்ஸ்டாட் என்ற இன்னொரு பாடகி பாடியபோது இந்தப் பந்தி இல்லை. விட்னிக்காக அந்தப் பதிவை வைத்துத்தான் வேலை தொடங்கினார்கள். தயாரிப்பாளர் டேவிட் ஃபொஸ்டர் தொலைபேசியில் பேசியபோது, இன்னொரு பந்தி இருக்கிறது என்று டொலி சொல்ல, அது உள்ளே வந்தது.

விட்னியின் பதிவில் அந்த வாழ்த்து முடிந்ததும் ஒரு மௌனம். அப்புறம் ட்ரம்ஸில் ஒரே அடி. சுருதி ஒரு முழு ஸ்வரம் ஏறிப் பல்லவி திரும்ப வரும். வாழ்த்தை எடுத்துவிட்டால் அந்த ஏற்றம் வெறும் கத்தல்.

அசலா, பிறகு மற்றவர் பாடிய கவரா, எது பெரிது என்பது

மேடையில் வேண்டாம். தேத்தண்ணிக் கடையில் வைத்துக்கொள்ளலாம்.

வரும் சனிக்கிழமை நிலாவெளியில் ஒரு கலியாணம். அதே தம்பிதான் அறிவிப்பாளர். பாட்டை வழியனுப்பும் நேரத்துக்கு மாற்றிவிட்டோம், அறிமுகத்தையும் இரண்டு வரியாகக் குறைத்துவிட்டான். ட்ரம்ஸ் அடிக்கும் பொடியனுக்கு அந்த மௌனத்தை மனதுக்குள் எண்ணச் சொல்லியிருக்கிறேன். நேற்றைய ஒத்திகையிலும் ஒரு எண்ணிக்கை முந்தித்தான் அடித்தான்.