பூனையின் நாக்கும் நம் வீட்டு உணவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பாயசத்தைப் பூனை ஆசையாக நக்குவதைப் பார்த்துவிட்டு, அதற்கும் இனிப்புப் பிடிக்கும் என்று முடிவு செய்து, மறுமுறை கருப்பட்டியைக் கரைத்து வைப்பவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் உண்டு. ஆனால் பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் அமைப்பான ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து அமைவது. அவற்றுள் ஒன்றுக்குரிய டாஸ்1ஆர்2 என்ற மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் 247 எழுத்துகள் விடுபட்டிருப்பதால் அது பூனை இனத்தில் செயலற்றுக் கிடக்கிறது என்பதை, பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் வெளியிட்டனர். புலிக்கும் இதே நிலைதான். பாயசத்தில் பூனையை இழுப்பது பாலின் கொழுப்பும் மணமுமே. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது என்பதால், அந்த அன்பு வயிற்றுப்போக்கில் முடிகிறது.

பூனை உண்மையில் தேடும் சுவை உமாமி எனப்படும் இறைச்சிச் சுவையாகும். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ சூரை மீன் வெட்டும் இடத்தைப் பூனைகள் விட்டு நகராததற்குக் காரணம் இந்தச் சுவையை உணரும் ஏற்பியில் இருக்கிறது. ஐனோசின் மோனோபாஸ்பேட் என்ற பொருளும் ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களும் சேரும்போது ஏற்பி வலுவாகத் தூண்டப்படுவதையும், சூரையில் இவ்விரண்டும் சேர்ந்து மிகுந்திருப்பதையும் 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை அறிந்தபின் மீன் குழம்பில் பிசைந்த சோற்றை வைக்க வேண்டிய தேவை என்ன? குழம்பில் அரைத்துச் சேர்த்த உள்ளி எனப்படும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கழுவி எடுத்தாலும் சாறு மீனில் ஊறியே இருக்கும். மசாலா சேர்க்கும் முன்பே இரண்டு துண்டுகளை எடுத்து, உப்பின்றி அவித்து, முள் நீக்கிக் கொடுப்பதே சரி. நாள்தோறும் பச்சை மீனாகவே போடுவதும் நல்லதன்று. சில மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடுகிறது. அதற்காகப் பருப்புச் சோற்றிலேயே வளர்க்கலாம் என்று எண்ண வேண்டாம்: பூனையின் உடல் இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே உண்டாக்காது, அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும்.

பூனை முதலில் மணத்தைப் பார்த்தே உணவை ஏற்கிறது. ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், கைச்சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

கசப்பு மாத்திரையைத் தேனிலோ சர்க்கரையிலோ குழைத்துப் புகட்டுவதும் வீண். இனிப்பு தெரியாது, கசப்பு தெரியும். அதனால் வாயில் நுரை தள்ளினால் உடனே விஷம் என்று பதற வேண்டியதில்லை. ஆனால் மனிதர்களுக்குரிய பாராசிட்டமாலை மட்டும் எவ்வடிவிலும் கொடுக்கக் கூடாது. அது பூனையைக் கொல்லும்.

சுவையைவிட நாக்கின் அமைப்பை மறப்பதே பெரிய ஆபத்து. நாக்கின் நடுவே தொண்டையை நோக்கிச் சாய்ந்த, நகத்தின் பொருளான கெராட்டினால் ஆன முட்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நுனி குழிவாக இருந்து எச்சிலை முடியின் அடிவரை கொண்டுசெல்கிறது என்று 2018இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் விளக்கினர். உடலில் எது ஒட்டினாலும் அது நக்கப்பட்டு வயிற்றுக்குப் போகும் என்பதே இதன் பொருள். எனவே பினாயில் காயாத தரையில் பூனையை நடக்கவிடக் கூடாது. உண்ணிக்கென்று நாய்க்கான மருந்தைத் தடவவும் கூடாது.

அதே முட்கள், வாயில் சிக்கிய நூலைத் துப்பவிடாமல் உள்ளே தள்ளுகின்றன. தோவாளைப் பக்கம் பூக்கட்டும் வீடுகளில் சிதறும் நூலும், கடற்கரை ஊர்களில் மீன் மணம் ஏறிக் கிடக்கும் தூண்டில் நரம்பும் இப்படியே விழுங்கப்படுகின்றன. ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றி நிற்க, மறுமுனை குடலுக்குள் இறங்க, குடல் சுருங்கி மடிந்து அறுபடத் தொடங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது. பூனை வாந்தி எடுக்கும்வரை காத்திராமல், நூல் இருந்தபடியே கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்ல வேண்டும்.