முகமூடி கைமாறும் கதைகளில் நேரும் பிழைகள்

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் காமிக்ஸ் வரையப் பழகும் இளைஞர்கள் சிலர், தாங்கள் வரைந்த பக்கங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அவர்களில் பலருக்கும் ஒரே கதைதான் பிடித்திருக்கிறது: ஊரைக் காத்த சூப்பர் ஹீரோ இறந்துபோகிறான், அவனுடைய முகமூடியை இன்னொருவர் எடுத்து அணிகிறார். நல்ல கதைதான். ஆனால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள்.

கல்லூரி மாணவி ஒருவர் கொண்டுவந்த கதையில், கடல்காவலன் என்னும் நாயகன் புயலில் சிக்கிய விசைப்படகை மீட்கப் போய், குருசடைத் தீவுக்கு அருகே உயிரிழக்கிறான். நான்காம் பக்கத்தில் உடல் கரைக்கு வருகிறது. ஐந்தாம் பக்கத்தின் முதல் கட்டத்திலேயே, கடல்பாசி எடுக்கும் அவனுடைய தங்கை அந்த உடையை அணிந்துகொண்டு தூக்குப்பாலத்தின் உச்சியில் நிற்கிறாள். மிகப் பெரிய பிழை இதுதான். எங்கள் கரையில் வள்ளம் ஓட்டியவர் கடலோடு போய்விட்டால், மறுநாளே வேறொருவர் சுக்கானைப் பிடித்துவிடுவதில்லை. வள்ளம் சில நாள் மணலில் கிடக்கும், உடன் போனவர்கள் வேறு வள்ளத்துக்குக் கூலிக்குப் போவார்கள், அந்த வீட்டுச் சோறு பக்கத்து வீட்டிலிருந்து வரும். இறந்தவன் இல்லாததால் எது நின்றுபோனது என்று வாசகர் பார்க்காதவரை, புதிதாக வருபவர் எதை நிரப்புகிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

1988இல், பேட்மேனின் இளம் துணைவனான ராபினாக அப்போது இருந்த ஜேசன் டாட்டைக் கொல்லலாமா என்று வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. 5,343க்கு 5,271 என்ற கணக்கில் அவன் இறந்தான். அடுத்த ஆண்டு வந்து, பின்னர் ராபினான டிம் டிரேக் தானாகப் பதவி கேட்டு வரவில்லை. ராபின் இல்லாத பேட்மேன் நிதானம் இழந்து முரடனாகி வருவதைத் தொலைவிலிருந்து கவனித்து, பழைய ராபினான டிக் கிரேசனைத்தான் முதலில் திரும்ப அழைக்கிறான். வெற்றிடம் முதலில், ஆள் பிறகு. 2011இல் பீட்டர் பார்க்கரின் மறைவுக்குப் பின் மைல்ஸ் மொராலெஸ் ஸ்பைடர்மேன் உடையில் வெளியே வந்தபோது, அந்த உடை ரசனைக்கேடு என்று அவரிடமே சொல்லப்படுகிறது. துக்கம் ஆறாத ஊரில் அந்த உடை எவ்வளவு உறுத்தும் என்பதை அந்த ஒரு வசனம் காட்டிவிடுகிறது.

இரண்டாவது பிழை, இறந்தவருடைய ஆற்றலை அப்படியே புதியவருக்குக் கொடுத்துவிடுவது. 1985இல் இறந்த பேரி ஆலனுக்குப் பிறகு, அதிவேகமாக ஓடும் நாயகனான ஃப்ளாஷின் பெயரை ஏற்ற வாலி வெஸ்டுக்கு, 1987இல் புதிய தொடர் தொடங்கியபோது, ஒலியின் வேகத்தை ஒட்டியே ஓட முடிந்தது. ஓடி முடித்ததும் அகோரப் பசி எடுக்கும். பல ஆண்டுகள் கழித்து, 1993 கதையில், அவர் பின்தங்கியதற்குக் காரணம் உடலன்று, பேரியின் இடத்தை உண்மையாகவே பிடித்துவிடுவோமோ என்ற அச்சம்தான் என்று தெரியவந்தது. ஒரு குறையை இவ்வளவு காலம் பொறுமையாகச் சுமந்து, பிறகு அதையே கதையின் மையமாக்கியதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இதற்கு நேர்மாறானது ஜேசன் டாட்டின் முதல் வடிவம்: 1983இல் அவனையும் டிக் கிரேசனைப் போலவே பெற்றோரை இழந்த சர்க்கஸ் சிறுவனாக அறிமுகப்படுத்தினார்கள். பின்னர் 1987இல், பேட்மேன் காரின் சக்கரங்களைத் திருடும் தெருச்சிறுவனாக அவனை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

புதியவரை உயர்த்துவதற்காக இறந்தவரைச் சிறுமைப்படுத்துவதும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாசகர் இறந்தவர் பக்கமே சாய்வார்.

பெயர் விஷயத்தில் குழப்பம் வேறு வகையானது. ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு முகமூடி வீரர் மாயாவியைத் தெரியும். லீ ஃபாக் 1936இல் படைத்த அந்த நாயகர் தம் வழியில் 21ஆவது. ஆனால் உலகம் அவரைச் சாவே இல்லாத ஒரே ஆள் என்று நம்புகிறது. அங்கே ஆள் மாறியது வெளியே தெரியக் கூடாது. நம் ஊர் ராமநாதபுர மன்னர்களின் சேதுபதிப் பட்டம் அப்படியல்ல: சேதுவைக் காப்பவர் என்னும் பெயர் ஒன்றே என்றாலும், கிழவன் சேதுபதி வேறு, பாஸ்கர சேதுபதி வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டில் எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்யாமல், ஒரு பக்கத்தில் ஊர் ஏமாறுவதாகவும் அடுத்த பக்கத்தில் ஊரே புதியவரை வரவேற்பதாகவும் எழுதினால் கதை நிற்காது. சூப்பர்மேன் இறந்தபின் 1993இல் அந்தச் சின்னத்தை அணிந்து வந்த நால்வரில், ஜான் ஹென்றி அயர்ன்ஸ் என்னும் ஸ்டீல், தானே சூப்பர்மேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதனாலேயே சூப்பர்மேன் அதே ஆண்டில் திரும்பிய பிறகும் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. இறந்தவரைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், அப்போது புதியவர் எங்கே போவார் என்பதையும் இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

அந்த மாணவி கதையைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். மரணத்துக்கும் உடைக்கும் இடையே இப்போது ஆறு பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், கச்சான் காற்று வீசும் காலையில் தென்கடலில் இறங்கலாமா என்று கடல்காவலனிடமே கேட்டுப் பழகிய பாசிக்காரப் பெண்கள், கரையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னொன்றில், பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிய தங்கையின் விரல்களில் அண்ணனின் கையுறை ஏறவில்லை. (பேட்மேன் கையுறை மட்டும் வருகிற எல்லோருக்கும் அளவாக இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.) அவள் துணியை அவிழ்க்கவில்லை, அடுப்படியில் உட்கார்ந்து, அரிவாள்மனையில் கையுறையின் விரல்நுனிகளை ஒவ்வொன்றாக அரிந்தெடுக்கிறாள். பாலத்தின் உச்சியில் நிற்கும் கட்டத்தை அவர் எடுத்தேவிட்டார்.