டப்ளின் மாநகர மன்றத் தேர்தலில் வாக்களிப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என நம் கடற்கரை ஊர்களிலிருந்து செவிலியராகவும், மென்பொருள் பணியாளராகவும், மேற்படிப்பு மாணவராகவும் அயர்லாந்து சென்றிருக்கும் பிள்ளைகள் பலருக்கு, தாங்கள் குடியிருக்கும் நகரத்தின் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களுக்கு இருப்பது தெரிவதில்லை. அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது நிறைந்தவராகவும், அந்தப் பகுதியில் வழக்கமாக வசிப்பவராகவும், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவராகவும் இருந்தால் போதும். நாடாளுமன்றத் தேர்தல், குடியரசுத் தலைவர் தேர்தல், பொதுவாக்கெடுப்பு ஆகியவற்றில் இந்தியக் குடிமக்களுக்கு அங்கே வாக்கு இல்லை. உள்ளாட்சியில் மட்டும் உண்டு. இந்தத் தேர்தல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மே அல்லது ஜூன் மாதத்தில் நடக்கிறது. கடைசியாக 2024 ஜூன் 7 அன்று நடந்தது. அடுத்தது 2029-ல் வரும். காலம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல், பெயரைப் பதியும் வேலையை இப்போதே முடித்துவிடுவது நல்லது.

முதலில் வீட்டுப் பெரியவர்களின் அச்சத்தைத் தீர்த்துவிட வேண்டும். தங்கச்சிமடத்தில் என் அக்கா, டப்ளின் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் தன் மகளைப் பற்றிக் கேட்ட கேள்வியைத்தான் பல வீடுகளில் கேட்கிறார்கள்: “அங்க ஓட்டுப் போட்டா இங்க பாஸ்போர்ட்டுல எதுவும் பிரச்சன வந்துருமாப்பா?” வராது. இந்தியர் ஒருவர் வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக விரும்பிப் பெறும்போதுதான் இந்தியக் குடியுரிமை போகிறது. வசிப்பவர் என்ற முறையில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பதால் போவதில்லை. சட்டமே அளித்த உரிமையைப் பயன்படுத்துவதால் விசாவுக்கும் கேடில்லை. நம் ஊர் வாக்கைப் பொறுத்தவரை, வெளிநாடுவாழ் இந்தியர் படிவம் 6ஏ மூலம் தம் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பெயரைச் சேர்க்கலாம்; ஆனால் வாக்களிக்க, அசல் பாஸ்போர்ட்டுடன் அவரே நேரில் வாக்குச்சாவடிக்கு வர வேண்டும். ஒரு நாள் வாக்குக்காக டப்ளினிலிருந்து விமானமேறி வரக்கூடியவர்கள் மிகச் சிலரே. ஆகவே நடைமுறையில் பலருக்கு உண்மையாகக் கைக்கு எட்டும் வாக்கு, அவர்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஊரின் வாக்குத்தான்.

அடுத்து, எந்த மன்றத்துக்கு வாக்களிக்கப் போகிறோம் என்பதை அறிய வேண்டும். கடிதத்தில் ‘டப்ளின்’ என்று எழுதுவதாலேயே எல்லோரும் டப்ளின் மாநகர மன்றத்தின் வாக்காளர்களாகிவிட மாட்டார்கள். டப்ளின் வட்டாரம் நான்கு மன்றங்களாகப் பிரிந்திருக்கிறது: டப்ளின் மாநகரம், ஃபிங்கல், தெற்கு டப்ளின், டன் லேரி-ராத்டவுன். இந்தியர்கள் நிறைய வசிக்கும் பிளான்சார்ட்ஸ்டவுனும் சோர்ட்ஸும் ஃபிங்கலில் அடங்கும். லூக்கனும் டாலாவும் தெற்கு டப்ளினில் அடங்கும். கேரளத்தைச் சேர்ந்த பேபி பேரேப்பாடன் 2024-ல் மேயரானது அந்தத் தெற்கு டப்ளின் மன்றத்தில்தான். மாநகர மன்றத்தில் மொத்தம் 63 இடங்கள். அவை 11 தேர்தல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் 5 முதல் 7 கவுன்சிலர்கள் வரை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். காப்ரா-கிளாஸ்னெவின் பகுதிக்கு 7 பேர், குளோன்டார்ஃபுக்கு 6 பேர், பெம்ப்ரோக்குக்கு 5 பேர். நம் நகராட்சிகளில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று பழகியவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எண்ணிக்கை முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வாக்காளர் பட்டியல். அரசின் ‘செக் தி ரெஜிஸ்டர்’ இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம், புதிதாகப் பதியலாம், முகவரியை மாற்றலாம். அதற்குப் பிறந்த தேதி, பி.பி.எஸ். எண் (அயர்லாந்து அரசு ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்), வீட்டின் ஐர்கோடு ஆகிய மூன்றும் வேண்டும். ஐர்கோடு என்பது நம் பின்கோடு போல ஒரு வட்டாரத்துக்கே பொதுவானதன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகத் தரப்பட்டுள்ள ஏழு எழுத்து-எண் அடையாளம் அது. பி.பி.எஸ். எண் இல்லாதவர்கள் ஈ.ஆர்.எஃப்.1 என்ற படிவத்தை நிரப்பி, காவல் நிலையத்தில் தம் அடையாளத்தைக் காட்டிச் சான்று பெற்று, மன்ற அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகும் சில நாள்கள் வரை பெயர் சேர்க்க முடியும் என்றாலும் அந்த வாசல் சீக்கிரமே மூடிவிடும். 2024-ல் ஜூன் 7 வாக்குப்பதிவுக்கு மே 20 கடைசி நாளாக இருந்தது.

இந்த இடத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டப்ளினில் வீடு கிடைப்பதே பெரும்பாடு என்பதால், நம் பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வீடு மாறும்போது வங்கிக்கும் வேலையிடத்துக்கும் முகவரியைத் தெரிவிப்பவர்கள், வாக்காளர் பட்டியலை மறந்துவிடுகிறார்கள். பழைய முகவரியிலேயே பெயர் இருந்தால் வாக்குச்சாவடிச் சீட்டு பழைய வீட்டுக்குப் போகும். வாக்கும் பழைய பகுதியிலேயே நிற்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே பட்டியலிலும் முகவரியை மாற்றிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பட்டியலில் இருப்பதன் பயன் வாக்குப்பதிவு நாளோடு முடிவதில்லை. வேட்பாளர்களுக்கு வாக்காளர் பட்டியலின் பிரதி கிடைக்கிறது. வீடு வீடாக ஆதரவு கேட்டு வருபவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்குகிறார்கள். பெயரில்லாத வீட்டுக் கதவைத் தட்ட அவர்களுக்குக் காரணமில்லை. 2025-ன் கோடைக் காலத்தில் டப்ளினில் இந்தியர்கள் தாக்கப்பட்டதையும், இந்தியத் தூதரகம் பாதுகாப்பு அறிவுரை வெளியிட்டதையும் நாம் இங்கே கவலையோடு படித்தோம். இரவுப் பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் ஒரு செவிலியரின் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதை அந்தப் பகுதியின் கவுன்சிலர் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அந்தச் செவிலியர் அவருடைய பட்டியலில் ஒரு பெயராக இருக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்கும் முன், மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மன்றத்தின் சார்பில் வீடு கட்டித் தருவது, சாலைகள், நடைபாதைகள், தெருவிளக்குகள், பூங்காக்கள், நூலகங்கள், தீயணைப்பு, கட்டட அனுமதி ஆகியவை அதன் பொறுப்பு. தனியார் வாடகை வீடுகள் குறைந்தபட்சத் தரத்தில் இருக்கின்றனவா என்று ஆய்வு செய்வதும் மன்றத்தின் வேலைதான். சுவரில் பூஞ்சை படர்ந்த அறையில் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குடிநீர் தனி தேசிய நிறுவனத்திடமும், குப்பை அள்ளுவது தனியாரிடமும், காவல்துறை நடுவண் அரசிடமும் இருக்கின்றன. அன்றாட நிர்வாகத்தை நடத்துபவர் நியமிக்கப்பட்ட தலைமைச் செயல் அலுவலர். கவுன்சிலர்கள் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையும், எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் நகர வளர்ச்சித் திட்டத்தையும் நிறைவேற்றுகிறார்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆண்டுதோறும் கவுன்சிலர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே விசா விதிகளை மாற்றுவேன் என்றோ, காவலர்களைக் கூட்டுவேன் என்றோ சொல்லும் கவுன்சிலர் வேட்பாளரை நம்பி ஏமாற வேண்டாம்.

இனி வாக்குச்சீட்டு. 2019 டிசம்பரில் நம் ஊராட்சித் தேர்தலில் ஆளுக்கு நான்கு நிறச் சீட்டுகளைக் கொடுத்ததும், சின்னத்தின்மேல் முத்திரை குத்தி, மை அடுத்த சின்னத்தில் ஒட்டாதபடி பார்த்து மடித்துப் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். டப்ளினில் முத்திரை குத்த வேண்டியதில்லை. பென்சிலால் எண்களை எழுத வேண்டும். குடும்பப் பெயரின் அகரவரிசையில் வேட்பாளர்களின் பெயர், கட்சி, புகைப்படம் ஆகியவை அச்சாகியிருக்கும். மிகவும் விரும்பும் வேட்பாளருக்கு நேரே 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று விரும்பும் மட்டும் எழுதிக்கொண்டே போகலாம். டிக் அடிப்பதையும் பெருக்கல் குறி போடுவதையும் தவிர்க்க வேண்டும். இரண்டு பேருக்கு 1 என்று எழுதினால் சீட்டே செல்லாது.

இந்த எண்கள் என்ன செய்கின்றன என்பதுதான் இந்தத் தேர்தலின் உயிர்நாடி. மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம், தமிழ்நாட்டின் 6 இடங்களில் ஒன்றைப் பெற 34 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு வேண்டும் என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது இதே முறையின் கணக்குத்தான். வெல்வதற்குத் தேவையான வாக்கு எவ்வளவு என்று அறிய, மொத்த வாக்கை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, விடையோடு ஒன்றைச் சேர்த்து, பின்னத்தை விட்டுவிட வேண்டும். 234-ஐ 7-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 34 வருகிறது.

பாம்பனில் ஒரு சங்கத்துக்கு 3 பேரைத் தேர்ந்தெடுக்க 100 பேர் இப்படி வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். 100-ஐ 4-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 26. அதை எட்டுபவர் வென்றவர். முதல் விருப்ப வாக்குகளில் விசைப்படகு உரிமையாளருக்கு 36, நாட்டுப்படகு மீனவருக்கு 24, கருவாட்டு வியாபாரிக்கு 18, வலை பின்னும் பெண்ணுக்கு 13, ஐஸ் கடைக்காரருக்கு 9. விசைப்படகுக்காரர் வென்றுவிட்டார்; அவருக்குத் தேவைக்கு மேல் 10 வாக்குகள் இருக்கின்றன. அவருடைய 36 சீட்டுகளில் 18-ல் இரண்டாம் விருப்பம் வலை பின்னும் பெண்ணுக்கும், 18-ல் ஐஸ் கடைக்காரருக்கும் இருந்தால், மிகுதி 10-ம் அதே விகிதத்தில் ஐந்து ஐந்தாகப் பிரிந்து செல்லும். இப்போது பெண்ணுக்கு 18, ஐஸ் கடைக்காரருக்கு 14. கடைசியில் இருக்கும் ஐஸ் கடைக்காரர் நீக்கப்பட்டு, அவருடைய 14 சீட்டுகளும் அடுத்த விருப்பத்தின்படி பிரிக்கப்படுகின்றன: பெண்ணுக்கு 9, நாட்டுப்படகு மீனவருக்கு 2, கருவாட்டு வியாபாரிக்கு 1. மீதி 2 சீட்டுகளில் அடுத்த எண் எதுவும் எழுதப்படாததால் அவை ஒதுக்கி வைக்கப்படுகின்றன. நாட்டுப்படகு மீனவர் 26-ஐத் தொட்டு வெல்கிறார். வலை பின்னும் பெண் 27 பெற்று வெல்கிறார். முதல் சுற்றில் மூன்றாவதாக இருந்த கருவாட்டு வியாபாரி 19-உடன் வெளியே நிற்கிறார்.

ஆகவே, வெல்ல வாய்ப்பில்லாதவருக்கு 1 போட்டால் வாக்கு வீணாகிவிடும் என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே பொருந்தாது. மனத்துக்குப் பிடித்த சிறு கட்சிக்கோ சுயேச்சைக்கோ துணிந்து 1 போடலாம். அவர் நீக்கப்பட்டால் வாக்கு முழு மதிப்போடு 2-க்கு நகரும். ஒரே எண்ணோடு நிறுத்திக்கொள்வதுதான் இழப்பு. ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த 2 சீட்டுகளின் நிலை உங்கள் சீட்டுக்கு வரக்கூடாது. வெளிநாட்டவர்மேல் வெறுப்பைத் தூண்டும் வேட்பாளர் ஒருவர் பகுதியில் நின்றால், அவரைத் தவிர ஏற்கத்தக்க எல்லோருக்கும் எண் எழுதிவிட்டு அவருடைய கட்டத்தை மட்டும் வெறுமையாக விடலாம். அவருக்கு எதிராக ஒரு வாக்காளரால் செய்யக்கூடியதில் இதைவிட வலுவானது எதுவுமில்லை.

வாக்குப்பதிவு நாளில் கவனிக்க வேண்டியவை சிலவே. 2024-ல் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை சாவடி திறந்திருந்தது. பகல் பணியோ இரவுப் பணியோ, எந்த ஷிப்டில் இருப்பவரும் போய்வர அந்த நேரம் போதும். தபாலில் வரும் வாக்குச்சாவடிச் சீட்டு நம் பூத் சிலிப்பைப் போல வழிகாட்டத்தான்; அது வராவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருங்கள், கேட்கக்கூடும். வாக்குச்சீட்டில் அலுவலரின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். முத்திரையில்லாத சீட்டு எண்ணப்படாது. விரலில் மை வைக்க மாட்டார்கள். 2024-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்ததால், பக்கத்தில் நின்ற அயர்லாந்துக்காரருக்கு இரண்டு சீட்டும், அதில் வாக்கில்லாத நம்மவருக்கு ஒன்றும் கிடைத்தன, அது முறைப்படியானதே.

எண்ணிக்கை சுற்றுச் சுற்றாக நடப்பதால் முடிவு வர ஓரிரு நாள்களுக்கு மேல்கூட ஆகலாம். இடையில் ஒரு கவுன்சிலர் விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் கிடையாது; மன்றமே ஒருவரை நியமித்துக்கொள்ளும், பெரும்பாலும் அதே கட்சியிலிருந்து. முடிவு வந்ததும் உங்கள் பகுதியில் வென்ற 5 முதல் 7 பேரின் மின்னஞ்சல் முகவரிகளையும் மன்றத்தின் இணையதளத்திலிருந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லோருமே உங்கள் கவுன்சிலர்கள்தாம். தெருவிளக்கோ வாடகை வீட்டுப் பூஞ்சையோ, முறையீடு எதுவானாலும் தெருவின் பெயரையும் ஐர்கோடையும் தேதியையும் குறிப்பிட்டு, முடிந்தால் ஒரு புகைப்படத்தையும் இணைத்து, எல்லோருக்கும் ஒரே மடலாக எழுதுங்கள். ஒருவர் பதிலளிக்கத் தவறினாலும் மற்றொருவர் எடுத்துக்கொள்வார்.