லேப்டாப் பேட்டரி பல வருடம் உழைக்க: சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்

ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது ஒரு கேள்வி. அந்த பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பது வேறு கேள்வி. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைப்பது, டேப்களை மூடுவது எல்லாம் முதல் கேள்விக்கான பதில்கள். இங்கே நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி. என் லேப்டாப் பெரும்பாலும் மேசையில் சார்ஜரோடுதான் கிடக்கும். அப்படியிருந்தும் பேட்டரி ஏன் தேய்ந்தது என்று தேடிப்போய்த் தெரிந்துகொண்டு, நானே செய்து பார்த்தவை இவை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செய்யலாம்.

படி 1: எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

கட்டளைகளைத் தட்டும் கருப்புச் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்கள். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்துகளையும் ஒட்டி அடியுங்கள். ஒரு இடைவெளி விட்டு, முன்பக்கம் சாயும் கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள்.

பலர் நின்றுபோகும் இடம் இதுதான். திரையில் எதுவும் திறக்காது. அறிக்கை ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி மட்டும் வரும். ப்ராம்ப்ட்டைச் சாதாரணமாகத் திறந்திருந்தால் கோப்பு உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருந்தால் விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குப் போய்விடும். அங்கே ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். திரையில் வந்த முகவரியை அப்படியே காப்பி செய்து பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒட்டினால் போதும், திறந்துவிடும்.

அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 42,000, இரண்டாவது 33,600 என்றால் உங்கள் பேட்டரியில் 80 சதவீதம் மிச்சம் என்று பொருள். எத்தனை முறை முழுதாக சார்ஜ் ஆகித் தீர்ந்திருக்கிறது என்று சொல்லும் சைக்கிள் கவுண்ட் சில மாடல்களில் காலியாகவே இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

படி 2: 80 சதவீத வரம்பு

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட்டுக்கு ஏறும். அந்த உச்சத்திலேயே நாள் முழுக்க நிற்பது அதன் உள் வேதிப்பொருள்களுக்குக் கெடுதல். வெப்பமும் சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். பேட்டரி யூனிவர்சிட்டி தளத்தில் ஓர் அட்டவணை உண்டு. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருடம் வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே வெப்பத்தில் முழு சார்ஜில் வைத்தால் 80. முழு சார்ஜும் 40 டிகிரியும் சேர்ந்தால் 65. சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், நாள் முழுக்க 100 சதவீதத்தில் நிற்கும் லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள்கூட வெளியே எடுத்துப்போகாமலே பேட்டரி தேய்வது இப்படித்தான்.

வரம்பு வைக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெனோவாவில் வான்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட். ஆசூஸில் மைஆசூஸ் செயலிக்குள் பேட்டரி ஹெல்த் சார்ஜிங். டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸ்) உண்டு, கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணை நீங்களே கொடுக்கலாம். எச்பியின் அலுவலக ரக லேப்டாப்களில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போனால் பேட்டரி ஹெல்த் மேனேஜர் இருக்கும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்றால் டிஎல்பி என்ற மென்பொருள் போதும், பல மாடல்களில் வேலை செய்யும்.

செயலி, பயாஸ் இரண்டிலும் வசதி இருந்தால் என் ஓட்டு பயாஸுக்குத்தான். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் அது மாறாது. பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று வரும் மூன்றாம் தரப்புச் செயலிகள் வேண்டவே வேண்டாம். சார்ஜை நிறுத்துவது லேப்டாப்புக்குள் இருக்கும் கன்ட்ரோலர். கம்பெனி வழி விடாவிட்டால் அந்தச் செயலிகளால், ‘பிளக்கைப் பிடுங்கு’ என்று மணியடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

வரம்பு வைத்த பிறகும் 100 என்றே காட்டுகிறதா? பல மாடல்களில் அப்படித்தான், ஏற்கெனவே ஏறிய சார்ஜ் தானாக இறங்காது. சார்ஜரைக் கழற்றி 80-க்குக் கீழே வரும்வரை பயன்படுத்திவிட்டு மறுபடி செருகுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்று விண்டோஸ் காட்டினால் வரம்பு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வெளியூர்ப் பயணமோ, மின்வாரியம் அறிவித்த பராமரிப்பு மின்தடையோ இருந்தால் முந்தைய இரவு மட்டும் வரம்பை எடுத்துவிடுங்கள்.

படி 3: பைக்குள் சூடாகாமல்

மூடி பையில் வைத்த லேப்டாப்பை எடுக்கும்போது அனலாக இருந்தால், ஸ்லீப் நிலையிலேயே அது உள்ளே வேலை செய்திருக்கிறது. மூடியதும் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துக்கொண்டு முழுதாக அணையும்படி மாற்றுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும் என்று கேட்கும் இணைப்பைத் திறங்கள். ஷட் டவுன் மெனுவிலும் ஹைபர்னேட் வேண்டுமென்றால் கீழே அதற்கான கட்டம் உண்டு. அது மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும். மேலே, இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்றுவதற்கு என்று ஒரு சின்ன வரி இருக்கிறது, அதைத் தட்டினால் கட்டம் திறக்கும்.

மெத்தை, தலையணை மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். காற்றுத் துளைகள் அடைபட்டுப்போகும்.

அப்புறம், மாதம் ஒருமுறை பூஜ்யம்வரை இறக்க வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது தேய்மானம்தான்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

பயாஸில் கை வைத்தபின், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் சாவி கேட்பதாக ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த 48 இலக்கச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, குறித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. உடனே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றுங்கள், பழைய பேட்டரியையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.