பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போடலாமா? முடிவெடுக்கும் வழி

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்காக உங்கள் சிஸ்டம் மறுநாளே படுத்துவிடாது. பிரவுசர் திறக்கும், பிரிண்ட் வரும், எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் விண்டோஸில் புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் படி 6-ல் சொல்லும் நீட்டிப்பில் சேராதவர்களுக்கு அதை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள். அந்த சிஸ்டத்தில்தான் நெட் பேங்கிங் செய்கிறீர்கள் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க" என்பார்கள், இல்லையென்றால் "நானே ஓஎஸ் போட்டுத் தரேன்" என்பார்கள். இரண்டுக்கும் முன்னால் நீங்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். பாதியிலேயே விடை கிடைத்துவிடவும் கூடும்.

படி 1: அபவுட் பக்கத்தைத் திறங்கள்

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், கடைசியில் அபவுட். பிராசசர் பெயர், ராம் அளவு, சிஸ்டம் டைப் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டம் டைப்பில் 32-பிட் ஓஎஸ் என்று இருந்தால் நேரடியாக அப்கிரேட் செய்ய முடியாது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பழைய டாஸ் ஃபாக்ஸ்புரோ பில்லிங்கை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் இங்கே நிற்கவும். அந்த 16-பிட் புரோகிராம்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது.

படி 2: பிராசசர் எந்தத் தலைமுறை?

இன்டெல் என்றால் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-10210யு என்றால் பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு எட்டு அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏழில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஏஎம்டி ரைசனில் எண்ணை மட்டும் நம்ப முடியாது. 2000 வரிசையில் சிலது சேரும், சிலது சேராது. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை இறக்கி ஓட்டிப் பார்ப்பதுதான் சுலபம். இன்டெல்காரர்களும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

படி 3: "தகுதி இல்லை" என்று வந்தால் காரணத்தைப் படியுங்கள்

பிராசசர்தான் காரணம் என்றால் அதற்கு மருந்து இல்லை. படி 6க்குப் போய்விடலாம். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) இல்லை என்று மட்டும் வந்தால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய பெரும்பாலான போர்டுகளில் டிபிஎம் இருக்கும், பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்ஸ்) ஆஃப் ஆகிக் கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் தேடுங்கள்.

பயாஸில் கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை. டிரைவ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயை எழுதி வையுங்கள். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு சிஸ்டம் அதைக் கேட்கலாம், அப்போது இல்லையென்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே பூட்டு. அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் நல்லது. லெகஸி (பழைய முறை) என்றிருந்தால், பயாஸில் சட்டென்று யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பகிர்வு அமைப்பிலிருந்து ஜிபிடி என்ற புதியதற்கு மாற்ற வேண்டும். புதியவர்கள் இதைத் தெரிந்தவரை வைத்துச் செய்வதே நல்லது.

படி 4: டிஸ்க்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. பழைய லேப்டாப் ஆமை மாதிரி நகர்வதற்குப் பெரும்பாலும் விண்டோஸ் பதிப்பு காரணமில்லை, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்தான் காரணம்.

சோதிக்க, சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்து டெஸ்க்டாப் வந்தவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கைத் தட்டினால் அது எஸ்எஸ்டியா (சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) எச்டிடியா (சுற்றும் ஹார்டு டிஸ்க்) என்று காட்டும். எச்டிடி என்று இருந்து, நீங்கள் எதையும் தொடாதபோதும் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், விஷயம் புரிந்துவிட்டது. இதே டிஸ்க்கில் விண்டோஸ் 11 போட்டால் இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

செலவு செய்வதென்றால் முதல் செலவு எஸ்எஸ்டி. எட்டு வருட லேப்டாப் பலவற்றில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் இடத்திலேயே உட்காரும். எம்.2 ஸ்லாட் (சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டா மட்டும் ஏற்பதா, அதைவிட வேகமான என்விஎம்இயும் ஏற்பதா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ராம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ஓடும், அவ்வளவுதான். நான்கைந்து டேப் திறந்து வைத்து வேலை பார்க்க 8 ஜிபி வேண்டும்.

படி 5: கூட இருக்கும் சாமான்கள்

பிரிண்டர், ஸ்கேனர், ஜிஎஸ்டி தாக்கலுக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய டேலி, தமிழ் டைப்பிங் மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11-ல் ஓடும் டிரைவரோ பதிப்போ உண்டா என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துவிடுங்கள். பிழைப்பு நடத்தும் மெஷின் என்றால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது.

படி 6: இப்போது முடிவு

பிராசசர் சேர்கிறது, எஸ்எஸ்டி இருக்கிறது அல்லது போடப்போகிறீர்கள், 8 ஜிபி ராம் இருக்கிறது: ஏற்றிவிடுங்கள். அசல் விண்டோஸ் 10 உரிமம் இருந்தால் காசு கிடையாது.

பிராசசர் சேரவில்லை, ஆனால் மெஷின் நன்றாகவே ஓடுகிறது: விண்டோஸ் 10லேயே இருங்கள், ஆனால் இஎஸ்யு என்ற நீட்டிப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு இருக்கும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். வேண்டாம் என்றால் 30 டாலர் அல்லது அதற்கு நிகரான உள்ளூர்ப் பணம். அந்தத் தேதி நெருங்கும்போது அடுத்த வழிக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

பிராசசர் சேரவில்லை, பிரவுசர், யூடியூப், கடிதம் டைப் செய்வது தவிர வேறு வேலையும் இல்லை: லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் அதில் வேலை செய்தால் பிறகு நிறுவுங்கள்.

ரூஃபஸ் போன்ற, பென்டிரைவில் ஓஎஸ் ஏற்றித் தரும் கருவியால் தகுதிச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஏறும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் தருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கோர் 2 டுயோ காலத்து பிராசசர்களில் பூட் ஆவதே இல்லை. விளையாடிப் பார்க்க ஒரு மெஷின் இருந்தால் செய்யுங்கள், கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் வேண்டாம்.

படி 7: ஏற்றுவதென்றால்

முதலில் பேக்கப். போட்டோ, ஆவணங்கள், டேலி டேட்டா ஃபோல்டர் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டொரு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் இன்னும் நல்லது. சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கட்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

ஏற்றிய பிறகு 10 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போய் 'கோ பேக்' கொடுத்தால் விண்டோஸ் 10 திரும்பிவிடும். அதனால் பிரிண்டர், டோக்கன், பில்லிங் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவரை இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்பிப் போகும் வழி அதற்குள்தான் இருக்கிறது.